நாற்பத்தொன்றாம் எண் சுவர்

அந்த வருஷம் ஊரில் பழசாகக் கிடந்த எல்லாவற்றுக்கும் எண் போட்டார்கள். சந்தை முனையில் குதிரைகளுக்குத் தண்ணீர் காட்டிய கல்தொட்டிக்கு ஒன்று. ஆற்றுத்துறையில் துருவேறிக் கிடந்த படகுச் சங்கிலிக்கு இரண்டு. தபால் ஆபீஸ் மணிக்கு ஒன்பது. எண் போட்டவர் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் சரித்திரப் பாடம் நடத்தி, ஓய்வு பெற்றும் பதினைந்து வருஷமாகிவிட்ட வாத்தியார். பாடத்தின் பெயரே அவருக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டுவிட்டது. தோளில் துணிப்பையும் பையில் வெள்ளை அட்டைகளும் நூல்கண்டுமாக அவர் தெருவில் திரும்பினால் போதும், "சரித்திரம் வருது, வீட்ல பெரியவங்க இருந்தா உள்ள கூட்டிட்டுப் போங்க, அட்டை கட்டிடப் போகுது" என்று ஜனங்கள் சிரிப்பார்கள். நேரில் வந்துவிட்டால் எழுந்து நின்று, "வாங்க சார்" என்பார்கள். ஊரில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள்.

ரொட்டிக்கடை வீட்டு நடுச்சுவருக்கு அவர் கட்டிய எண் நாற்பத்தொன்று.

அந்த வீடு நீளவாக்கில் மூன்றாகக் கிடக்கும். தெருவைப் பார்த்துக் கடை, அதற்குப் பின்னால் நடு அறை, கடைசியில் அடுப்பறை. நடு அறைக்கும் அடுப்பறைக்கும் இடையில் இருப்பதுதான் அந்தச் சுவர். கல்லும் மண்ணும் வைத்துக் கட்டியது, ஒரு முழத்துக்கு மேல் கனம். அதில் ஓரமாக ஒரு சின்ன வாசல். அந்தக் காலத்து ஆட்கள் ஒல்லியாக இருந்தார்களோ, நிலைக்கு மரம் போதவில்லையோ தெரியாது, மாவு மூட்டையோடு நுழைந்தால் முழங்கையில் சிராய்ப்பு நிச்சயம். வாசலின் நிலையை ஒட்டித் தொடங்கி மறுகோடி ஜன்னல்வரை சுவரில் கறுப்பாக ஒரு கோடு ஓடும். கோட்டுக்கு மேலே ஒரு வருஷம். பக்கத்தில், 'தண்ணீர் இதுவரை வந்தது.'

பெரிய வெள்ளம் வந்த வருஷம் அது. ஆற்றோரத்தில் அன்றைக்கு இருந்த வீடுகளில் இன்று நிற்பது இது ஒன்றுதான். வெள்ளத்தைப் பற்றி ஊரிடம் மிச்சம் இருந்த சாட்சியும் அந்தக் கோடு ஒன்றுதான்.

அந்த நடு அறையில்தான் ரொட்டிக்காரர் ஐந்து மாதமாகப் படுத்திருந்தார். பக்கவாதம். இடது கையும் இடது காலும் போய்விட்டன. பேச்சு பத்தே நாளில் திரும்பிவிட்டது. "அதையும் சேத்து எடுத்துட்டுப் போயிருந்தா ஊர் நிம்மதியா இருந்திருக்கும்" என்று அவருடைய சின்ன வயசுக் கூட்டாளியான கொத்தனார் வாரத்துக்கு ஒருமுறையாவது சொல்லிவிட்டுப் போவார். ஆஸ்பத்திரியில் ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். அது கடைவழியாக நடு அறைவரை ஒய்யாரமாக உருண்டு வந்தது. அடுப்பறை வாசலில் வந்து நின்றுவிட்டது. நாலு விரற்கடை அகலம் போதவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போகலாம் என்றால் அங்கே ஆற்றுப்படி. நாற்பது வருஷம் நின்று வெந்த அடுப்புக்கும் அவருக்கும் நடுவில் நாலு விரற்கடை நின்றது.

அடுப்பை இப்போது மனைவிதான் பார்த்துக்கொண்டாள். ஆற்றுப் பனி தெருவுக்குள் ஏறி வருகிற விடியற்காலையில் எழுந்து, விறகு அடுக்கி, எரிந்ததும் தணலை ஓரமாக இழுத்து, ஈரச்சாக்கைக் கழியில் கட்டி அடுப்பின் தரையைத் துடைப்பாள். ஒரு சிட்டிகை மாவை உள்ளே எறிந்து பத்து எண்ணுவாள். அதற்குள் மாவு கருகினால் சூடு அதிகம், பத்துக்குப் பிறகும் வெள்ளையாகவே கிடந்தால் போதாது. சரியாகப் பத்தில் பழுப்பானால் துடுப்பை எடுத்து ரொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே தள்ளலாம். இவ்வளவும் அவளுக்குத் தெரியும். எப்போது எடுப்பது என்பது மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. அதற்கு அவருடைய மூக்குதான் வேண்டியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடிப் படுத்திருப்பவர் திடீரென்று குரல் கொடுப்பார்.

"வாசனை வந்துடுச்சு. எடு!"

எடுத்தால் சொல்லிவைத்த மாதிரி சிவந்திருக்கும்.

அவர் கொஞ்ச நாளாகக் கனவு வேறு கண்டுகொண்டிருந்தார். மாதத்தில் ஒன்றிரண்டு வந்தது, பிறகு அன்றாடம் ஆகிவிட்டது. காலையில் அவள் முகம் துடைத்துவிட வரும்போது தயாராக வைத்திருப்பார்.

"நேத்தும் தண்ணி வந்துச்சு."

"வரட்டும். தாடையைத் தூக்குங்க."

"சத்தமே இல்ல. கதவிடுக்கு வழியா மெதுவா வருது. கட்டில் மிதக்குது. பக்கத்துல ரொட்டியெல்லாம் மிதக்குது, நல்லா செவந்த ரொட்டி. வெளிச்சம் தண்ணிக்கு அடியில இருந்து வர்ற மாதிரி இருக்கு. பயமே இல்ல எனக்கு. ஏறி ஏறி அந்தக் கோட்டுக்கு வருது பாரு, அங்க நின்னுடுது. ஒரு நூல் மேல ஏறல. கோட்டுக்குக் கட்டுப்படுது!"

அவள் சுவரைப் பார்க்காமல் துணியைப் பிழிந்தாள். அவர் அதைக் கவனிக்கவில்லை.

மகள் பத்து நாள் லீவு போட்டுவிட்டு வந்தாள். வந்த அன்றே டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தாள், வாசலை அளந்தாள், நேரே போய்க் கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள்.

"அப்பா, நாலு விரக்கடைப்பா. வெறும் நாலு விரக்கடை இடிச்சா நீங்க அடுப்புகிட்ட போயிடலாம்."

"நாலு விரக்கடைதானே? நாற்காலியை இடி."

"உன் உடம்பைக்கூட இடிக்கலாம்டா" என்றார் கொத்தனார். "படுத்துப் படுத்து அதுவே நாலு விரக்கடைக்கு மேல ஏறியிருக்கு." பிறகு சுவரில் விரல் மூட்டால் தட்டித் தட்டி, காதை வைத்துக் கேட்டுக்கொண்டே வாசலிலிருந்து ஜன்னல்வரை போனார். திரும்பி வரும்போது முகத்தில் சிரிப்பு இல்லை. "பொய் சொல்லி வேலை வாங்க மாட்டேன் கண்ணு. நிலையைப் பேத்தா இந்தப் பக்கத்துப் பூச்சு நிக்காது. சுண்ணாம்பு மேல சுண்ணாம்பா அடிச்சு அப்பளக்கட்டா ஏறிக் கெடக்கு. கோடு மொத்தமா உதிர்ந்து கீழ வந்துடும்."

"பாத்தியா?" என்றார் ரொட்டிக்காரர், வழக்கில் ஜெயித்தவர்போல. "எங்கப்பா ஆறு வயசுப் பிள்ளையா மூணு நாள் அந்த அடுப்பு மேல உக்காந்திருந்தாரு. தலைக்கு மேல தண்ணி. சாகறவரைக்கும் சொல்லிட்டே இருந்தாரு, தலைக்கு மேல தண்ணி, தலைக்கு மேல தண்ணின்னு. எங்க தாத்தா தண்ணி வடிஞ்ச அன்னைக்கே, ஈரம் காயறதுக்குள்ள கோடு போட்டாரு. நான் மூச்சு விட்டுட்டு இருக்கறப்ப அது கீழ உதிருமா?"

"அப்ப அடுப்பு?"

"அடுப்பு எங்க போகுது? இங்க இருந்தே மூக்கால பாத்துக்கறேன்."

சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மகள் அடுப்பறைக்குள் போய் மாவுத் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவர் அங்க படுத்தே செத்துப் போயிடுவாரும்மா. ஒரு கோட்டுக்காக" என்றாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். தடவிய கையின் மாவு மகளின் கறுப்புச் சட்டையில் ஐந்து விரலாகப் பதிந்தது.

சாயங்காலம் சரித்திரம் வேறு வந்து சேர்ந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை பித்தளைத் தகடு பதிக்கிறார்களாம், கோட்டுக்குக் கண்ணாடி போடுகிறார்களாம். "ஒரு ஆணிகூட அடிச்சுடாதீங்கம்மா. இந்த ஊருக்குன்னு இருக்கறது இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் எந்த ஊர்லயும் கெடக்கும்" என்றார். போகும்போது கோட்டை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். நல்ல மனுஷன். அந்த நல்ல மனத்தைப் பார்க்கப் பார்க்கத்தான் ரொட்டிக்காரர் மனைவிக்குத் தாங்க முடியவில்லை.

ஏனென்றால், அந்தக் கோட்டைப் போட்டவள் அவள்.

முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமாகி மூன்றாவது மாதம். நாத்தனாருக்குப் பிரசவம் என்று மாமியாரும் புருஷனும் இரண்டு நாள் வெளியூர் போயிருந்தார்கள். மாமனார் அவள் வருவதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டவர். மாமியாரோ உப்பில்கூட உப்புக் குறைவு என்று சொல்லக்கூடியவள். அவள் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட வேண்டும் என்று புதுப்பெண்ணுக்கு ஆசை. அடுப்புப் புகை படிந்து கிடந்த நடு அறையை வெள்ளையடித்து வைத்தால் வந்ததும் அசந்துபோவாள் என்று நினைத்தாள். அப்போது மாவு பிசைவது அந்த அறையில்தான். தொட்டியையும், அதன் முன்னால் ஏறி நின்று பிசைகிற கட்டைப்பலகையையும் கடைப்பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, சுண்ணாம்பைக் குழைத்து மட்டையால் ஆசை தீர அடித்தாள். மேலிருந்து கீழ்வரை, மூன்று கை. புகைக்கறையில் பாதி மறைந்து கிடந்த கோட்டையும் கறை என்று நினைத்தே அடித்துவிட்டாள். ரொட்டி வாங்க வந்த பக்கத்து வீட்டுக்காரி உள்ளே எட்டிப் பார்த்து, "ஐயையோ, வெள்ளக்கோடு எங்கடி?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

கோடு எங்கே இருந்தது? தினமும் மாவு பிசையும்போது கண்ணெதிரே ஏதோ ஒரு கறுப்பு நெற்றிக்கு நேராக ஓடியது ஞாபகம் இருந்தது. சுவரோடு நெற்றியை ஒட்டி நின்று அடையாளம் வைத்தாள். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, கயிறு பிடித்துக் கோடு இழுத்தாள். வருஷத்தைப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், எழுதினாள். சாகிறவரை வாய் திறக்க மாட்டேன் என்று அந்தப் புண்ணியவதி சத்தியம் செய்தாள். அப்படியே வாய் திறக்காமல் செத்தும் போனாள்.

மறுநாள் காலையில் தொட்டியையும் பலகையையும் பழைய இடத்தில் போட்டு, பலகைமேல் ஏறி நின்று மாவில் கை வைத்து நிமிர்ந்தாள். கோடு வாய்க்கு நேராக இருந்தது. இத்தனை நாளும் கோட்டைப் பார்த்தது பலகைமேல் நின்று. நேற்று அளந்தது வெறும் தரையில் நின்று. பலகையின் உயரம் அளவுக்குப் பெரிய வெள்ளத்தை வடித்துவிட்டாள்! மாற்றி எழுதலாம் என்றால் கரி காய்ந்துவிட்டது, மத்தியான வண்டியில் மாமியார் வந்துவிட்டாள்.

வந்தவள் அறை நடுவில் நின்றாள். கோட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சுவர் நல்லா வெளுத்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு மாமியார் கால் கழுவப் போனாள். புருஷன் எதையும் கவனிக்கவில்லை. ஆண்கள் வீட்டுச் சுவரைப் பற்றிப் பெருமைப்படுவார்கள், பார்க்க மாட்டார்கள். அதற்குப் பிறகு வருஷா வருஷம் வெள்ளையடிக்கும்போது கோட்டைச் சுற்றி மட்டும் மாமியாரே சின்ன மட்டையால் அடித்தாள், யாரையும் தொட விடவில்லை. அவளும் போன பிறகு அந்த வேலை இவள் கைக்கு வந்தது. அப்படியே முப்பத்தாறு வருஷம் ஓடிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. காலையில் முகம் துடைக்கப் போனாள்.

"நேத்தும் வந்துச்சு. கோடு வந்ததும்—"

"அந்தக் கோடு உங்க தாத்தா போட்டதில்லங்க."

"ம்?"

"நான் போட்டது."

சொல்லிவிட்டாள். முதல் வார்த்தை வந்த பிறகு மற்றது எல்லாம் தானாக வந்தது. சுண்ணாம்பு, பலகை, நெற்றி, வாய், பக்கத்து வீட்டுக்காரியின் சத்தியம் எல்லாம். ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னாள், அது சொட்டிச் சொட்டி அவர் போர்வை நனைந்தது.

"நாலு விரக்கடைக்கு மேல இறக்கிட்டேன். வேணும்னு செய்யல. அந்தக் கோட்டுக்காக நீங்க இங்க படுத்துக் கெடக்க வேண்டாம். இடிக்கச் சொல்லுங்க. சாரை நான் பாத்துக்கறேன்."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்குச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து 'எடு' என்ற குரல் வரவில்லை. அவள் துடுப்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அவருடைய மூக்குக்கு வாசனை போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும். போய்ச் சேர்ந்தும் அவர் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் புகை வந்த பிறகு எடுத்தாள். கடைக்கு வந்தவர்கள், "என்ன இன்னைக்கு, ரொட்டி தீந்துபோய் விறகை விக்கறீங்களா?" என்றார்கள். மறுநாளும் அப்படியே. மகள் அப்பாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். அவர் சாப்பிட்டார், மருந்து குடித்தார், பேசவில்லை. முப்பத்தாறு வருஷத்தில் அவளுக்கு அந்த வீடு அவ்வளவு பெரிதாக எப்போதும் தெரிந்ததில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்த ஒரு மனுஷனிடமிருந்து அந்தக் கையைப் பிடுங்கிவிட்டோமே என்று இருந்தது. சொல்லாமலே இருந்திருக்கலாம், செத்த பிறகு யார் கேட்கப்போகிறார்கள் என்றுகூட ஒரு சமயம் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை, வேறு ஊரில் வேலைக்குப் போவதைச் சொல்லிவிட்டுப் போகக் கொத்தனார் வந்திருந்தார். கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏய். இங்க வா."

வந்தாள்.

"எங்கம்மா அந்தக் கோட்டைப் பாத்தாளா?"

"பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க."

"பாத்துட்டு?"

"சுவர் நல்லா வெளுத்திருக்குன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எங்கம்மா! நாலு விரக்கடை கோடு எறங்கிக் கெடக்கு, அதைப் பாத்துட்டு எங்கம்மா ஒண்ணும் சொல்லல?" அவர் ஒரு கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். "ரொட்டியில ஒரு எள்ளு தள்ளிப் போயிருந்தா ஒரு வாரம் பேசுவா. ரெண்டு நாளா இதைத்தான் யோசிக்கறேன். உன்மேல கோபம் இருக்கு, அது இருக்கட்டும். நீ சுரண்டல, அடிச்ச. அப்ப பழைய கோடு உள்ளதான் இருக்கணும். சுரண்டு!"

மாவு சுரண்டும் தகட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கொத்தனார் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார். நிலைக்குப் பக்கத்தில், தன் கோட்டுக்கு மேலே, அவள் தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுரண்டினாள். சுண்ணாம்பு ஏடு ஏடாக உரிந்தது, வருஷம் வருஷமாக. ஜன்னல் வெளிச்சத்தில் அந்தத் தூள் இறங்காமல் மிதந்துகொண்டே இருந்தது. ஆற்றுப் பனி இன்னும் தெருவைவிட்டுப் போயிருக்கவில்லை, வெளியே சைக்கிள் மணிகூட எங்கோ தூரத்தில் கேட்டது. முப்பத்தாறு ஏடு முடிந்த இடத்தில், அவள் கோட்டுக்கு நாலு விரற்கடைக்குச் சற்று மேலே, பழைய கோடு வந்தது.

அது கறுப்பாக இல்லை. துணிக்குப் போடுகிற நீலம்.

"எங்க தாத்தா நீலத்துலயா போட்டாரு?" என்றார் ரொட்டிக்காரர். "அந்த வருஷத்தைச் சுரண்டு பாப்போம்."

சுரண்டினாள். நீல எண்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஏழு வந்ததும் நிறுத்தினாள். ஏழுக்குக் கீழே ஒரு வால், இடதுபக்கம் சுருண்டு. அந்த வாலை அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாவு டின்களில், மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில், மகளின் பிறந்த தேதியில் இருக்கிற வால்.

"இது எங்கம்மா கை" என்றார் அவர் மெதுவாக.

அவள் தகட்டோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அறை நடுவில் நின்று கோட்டையே பார்த்த அந்தக் கண்கள் இப்போது அவளுக்குப் புரிந்தன. இவளைப் போலவே மாமியாரும் என்றைக்கோ தாத்தா கோட்டை வெள்ளையடித்து மறைத்துவிட்டுத் தானே ஒன்று போட்டிருக்கிறாள். இவள் கோடு தப்பு என்று தெரிந்திருக்கிறது. சொன்னால், 'உங்களுக்கு எப்படி அத்தை அவ்வளவு சரியா தெரியும்' என்று ஒரு கேள்வி வந்திருக்கும். இவள் யாருக்குப் பயந்து பயந்து வாழ்ந்தாளோ, அந்த மனுஷி மீதி நாளெல்லாம் இவளுக்குப் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள்! "பாவி அத்தை" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது, அதற்குப் பிறகு அழுகையாகவே ஆகிவிட்டது. அந்த மாமியாரை அவளுக்கு அப்போதுதான் பிடித்தது. உயிரோடு இருந்தபோது ஒருநாள் சேர்ந்து சிரித்திருக்கலாமே என்று இருந்தது.

"அப்ப தாத்தா கோடு?" என்றாள் மகள்.

நீலத்துக்கு மேலே சுரண்டினார்கள், இல்லை. பக்கத்தில் இல்லை. கொத்தனார் பொறுமை இழந்து கை வைத்துத் தட்டினார். கீழே பாதிச் சுவரிலிருந்து ஒரு பாளம் தானாகச் சரிந்து விழுந்தது. உள்ளே பழைய பூச்சு. அதில் தார்க்கோடு. கட்டை விரல் கனம், எழுத்து இல்லை, எண் இல்லை. நிற்கிற ஆளுக்கு மார்பளவுதான் இருந்தது.

"இதுக்குக் கீழ?"

"இதுக்குக் கீழ கல்லுதான்" என்றார் கொத்தனார். "இதுதான் முதல் பூச்சு. தார் படகுக்குப் பூசறது."

யாரும் ரொட்டிக்காரர் முகத்தைப் பார்க்கவில்லை. தலைக்கு மேல் தண்ணீர் என்று நாற்பது வருஷமாக ஊர் முழுக்கச் சொன்ன மனுஷன்.

அவர் நல்ல கையால் சக்கரத்தைத் தள்ளிச் சுவருக்கு அருகில் போனார். இன்னும் அருகில், முழங்கால் சுவரில் இடிக்கிறவரை. உள்ளங்கையைத் தட்டையாக நெற்றியில் வைத்து, அப்படியே நேராகச் சுவருக்கு நீட்டினார். விரல்கள் தாரில் போய் நின்றன. நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருக்குக் கோடு நெற்றிக்கு நேராக இருந்தது.

"ஆறு வயசு" என்றார். "ஆறு வயசுப் பிள்ளை நின்னா இதைவிடக் குள்ளம். அப்பா பொய் சொல்லல. அவர் தலைக்கு மேலதான் தண்ணி." கையை எடுக்காமல் இருந்தார். "அம்மா அந்தப் பேச்சைக் கேட்டுட்டு அவ தலை உயரத்துக்குப் போட்டிருக்கா. அப்பாவும் சும்மா இருந்துட்டாரு. கோடு உசர உசர அவருக்குச் சந்தோஷமாத்தான் இருந்திருக்கும்." பிறகு திரும்பாமலே, "நாற்காலியில உக்காரலன்னா எனக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றார்.

அவள் அவர் தோளில் கை வைத்தாள். அவர் அதைத் தட்டிவிடவில்லை.

மறுநாள் சரித்திரம் பித்தளைத் தகட்டோடு வந்தார். சுவரைப் பார்த்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். அவள் எல்லாவற்றையும் அவரிடம் இன்னொரு முறை சொன்னாள், இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருந்தது.

"முப்பது வருஷம் பரிட்சையில கேட்டிருக்கேன்மா" என்றார் அவர். "வெள்ளம் எவ்வளவு உயரம்னு. தப்பா எழுதினவனை எல்லாம் அடிச்சிருக்கேன்."

"என்னையும் அடிச்சீங்க சார்" என்றார் கொத்தனார். "நான் மார்பளவுன்னு எழுதினேன்."

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். "உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது சார். பக்கத்துல இருந்தவனைப் பாத்து எழுதினேன். அவனுக்கும் தெரியாது."

முதலில் சிரித்தவர் வாத்தியார்தான். சிரித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப நான் என்ன செய்யறது? கண்ணாடி போடட்டுமா?" என்று ரொட்டிக்காரரைக் கேட்டார்.

"வேண்டாம் சார். இடிக்கப் போறோம்."

"தம்பி, இப்பத்தான் நிஜமான கோடே கெடைச்சிருக்கு!"

"ஆமா சார். கெடைச்சதை நான் பாத்துட்டேன். எங்கப்பா அந்த மூணு நாளும் அடுப்பு மேலதான் இருந்தாரு. நான் அந்த அடுப்புகிட்ட போகணும். நின்ன வரைக்கும் நிக்கட்டும், விழறது விழட்டும்." கொத்தனாரைப் பார்த்தார். "உடைடா."

கொத்தனார் அடுப்பறைப் பக்கமிருந்து உடைத்தார். இந்தப் பக்கம் பலகைகளை முட்டுக் கொடுத்து மகளும் அவளும் தோளால் தாங்கி நின்றார்கள், நடுவில் வாத்தியாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தோள் கொடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் சுவர் அவர்கள் முதுகில் பேசியது. சாயங்காலம் பலகையை எடுத்தபோது அவளுடைய கறுப்புக் கோடு மொத்தமும் பொடியாகக் கீழே கிடந்தது. நீலத்தில் பாதி போயிருந்தது, ஏழும் அதன் வாலும் தப்பித்திருந்தன. தார்க்கோட்டில் வாசலோரத்து நாலு விரற்கடை பேர்ந்து ஒரே கட்டியாக வந்தது. மிச்சம் ஜன்னல்வரை அப்படியே நின்றது. பேர்ந்த கட்டியை வாத்தியார் மாவுச் சாக்கில் சுற்றி, அட்டையில் 'நாற்பத்தொன்று அ' என்று எழுதிக் கட்டினார். சுவரின் அட்டையில் ரொம்ப நேரம் யோசித்து எழுதினார். தாரில் இருப்பது தண்ணீர் வந்த உயரம். நீலத்தில் இருப்பது இந்த வீட்டுக்கு வந்த மருமகள் போட்டது. கறுப்பில் இருந்தது அவளுடைய மருமகள் போட்டது, இப்போது இல்லை.

"அதை எழுதணுமா சார்?" என்று அவள் கூச்சத்தோடு கேட்டாள்.

"முப்பத்தாறு வருஷம் இந்த ஊர் நம்பினது உன் கோட்டைத்தான்மா. அதை எழுதாம விட்டா நான் என்ன வாத்தியார்?"

இரண்டு நாள் கழித்து, சாந்து காய்ந்த பிறகு, நாற்காலி வாசலைத் தாண்டியது. உரசக்கூட இல்லை. அவர் அடுப்பின் பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்தார், கன்னத்தையும் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டு சற்று நேரம் இருந்தார். கண்ணைத் திறந்ததும், விறகை இப்படியா அடுக்குவது, துடுப்பை ஈரத்தில் யார் வைத்தது, சாம்பல் வாளி ஏன் இங்கே இருக்கிறது என்று வரிசையாக ஆரம்பித்தார். மகளிடம் ரொட்டிகளைத் தள்ளச் சொல்லிவிட்டு, "நீ போ. போய் உக்காரு. அஞ்சு மாசம் வெந்தாச்சு" என்று மனைவியை விரட்டினார்.

அவள் நடு அறைக்கு வந்தாள். கட்டில் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தாள், பிறகு படுத்தாள். இந்தப் பக்கமிருந்து அவள் அந்த வீட்டைப் பார்த்ததே இல்லை. ஜன்னல் வெளிச்சம் சுவரில் நடந்துகொண்டிருந்தது. காலையில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. நேற்றுத் தண்ணீர் எந்தக் கோட்டிலும் நிற்காமல் புது வாசல் வழியாக அடுப்பறைக்குள் போய்விட்டதாம், அடுப்பு நனைந்துவிடும் என்று கத்திக்கொண்டே எழுந்தாராம். அவளுக்குக் கண் சொக்கியது. தாரும் நீலமும் லேசாக ஆடின. கட்டில் தரையைவிட்டு எழும்பின மாதிரி இருந்தது. பக்கத்தில் எங்கேயோ ரொட்டி மிதந்து போனது.

திடீரென்று மூக்கில் வந்து இடித்தது. ஐந்து மாதமும் துடுப்போடு அடுப்பின் வாயில் நின்றபோது பிடிபடாதது, இங்கே, இந்தக் கட்டிலில், சந்தேகமே இல்லாமல்.

"வாசனை வந்துடுச்சு!" என்று கத்தினாள். "எடுங்க!"

"தெரியும்டி" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "எடுத்துட்டுத்தான் இருக்கேன். நீ தூங்கு."